வலி வர வைக்கும் மருந்தும் நமது சங்கமும்

சென்ற மாத மாதர் கமிட்டிக் கூட்டத்தில் கொழுந்து நிறுவையில் பிடிக்கும் வெட்டு, லயத்துக் கூரைத் தகரம், பிள்ளைக் காம்பராவுக்குத் தண்ணீர் என்று வழமையான விடயங்களைப் பேசி முடித்த நேரம், பின் வரிசையில் இருந்த ஒரு அக்கா எழுந்து கேட்டார்: "வலி வராத புள்ளைக்கு மருந்து வச்சு வலி வர வைக்கிறாங்களே, அது சரியா? இதப் பத்தி சங்கம் ஒண்ணும் பேசாதா?"

கொஞ்ச நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. அதன் பின் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கினார்கள். ஒருத்திக்கு ஜெல் வைத்தார்களாம். இன்னொருத்திக்கு ரப்பர் குழாய் வைத்தார்களாம். மற்றவளுக்குச் சேலைன் போத்தலில் ஏதோ கலந்து ஏற்றினார்களாம். என்ன மருந்து, எதற்காக என்று கேட்டால் பத்துப் பேரில் ஒருவருக்குக்கூடப் பதில் தெரியவில்லை. "கையெழுத்து போடச் சொன்னாங்க, போட்டேன்" என்பதுதான் திரும்பத் திரும்பக் கேட்ட வார்த்தை.

கூட்டம் முடிந்து இறங்கி வரும்போது, இது வார்ட்டுக்குள் நடக்கிற பெண்கள் விடயம், சங்கம் தலையிட என்ன இருக்கிறது என்று சில தோழர்கள் சொன்னார்கள். அதை நாம் ஏற்கவில்லை. மலையில் கொழுந்து பறிப்பவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். சந்தாப் பணம் அவர்கள் சம்பளத்திலிருந்தும்தான் பிடிக்கப்படுகிறது. நிறைமாதத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகும் பெண்ணுக்கு வாகனம் இருக்கிறதா, லீவு இருக்கிறதா, அவளோடு அவள் பாஷையில் பேச ஆள் இருக்கிறதா என்பதெல்லாம் தொழிற்சங்க விடயம் இல்லையென்றால், எது தொழிற்சங்க விடயம் என்று நமக்குத் தெரியவில்லை.

அக்காவின் கேள்விக்கு நமது பதிலை முதலிலேயே சொல்லி விடுகிறோம். காரணத்தோடு, ஆஸ்பத்திரியில், தாய்க்கு விளங்கப்படுத்திக் கொடுக்கும்போது அந்த மருந்து சரியானது. அது பல தாய்மாரையும் பிள்ளைகளையும் காப்பாற்றுகிறது. நமக்கு அந்த மருந்தோடு சண்டை இல்லை. நாம் கேட்பது, எந்தப் பெண்ணின் உடம்பில் அது போகிறதோ அவளுக்கு விளங்கும் தமிழில் சொல்லிவிட்டுக் கொடுங்கள் என்பதுதான். குறித்த நாளில் அவள் அங்கே போய்ச் சேரும்படி தோட்டமும் செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டும்.

சரி, அந்த மருந்துகள் என்ன?

கர்ப்பம் என்பது கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணினால் 40 வாரம். 37 வாரம் முடிந்த பிறகு எப்போது வலி வந்தாலும் அது நிறைமாதப் பிரசவம். சிலருக்கு 40 வாரம் தாண்டியும் வலி வராது. ஒரு சில நாள் தாண்டுவதில் பயமில்லை. ஆனால் 41, 42 வாரம் என்று போகும்போது பிள்ளைக்குச் சாப்பாடும் மூச்சும் கொடுக்கிற நஞ்சுக்கொடி தளர ஆரம்பிக்கலாம், பன்னீர் குறையலாம், பிள்ளை உள்ளேயே மலம் கழித்து அது மூச்சுக்குழாய்க்குள் போகலாம். வெளியில் பார்த்தால் தாய்க்கு ஒன்றும் தெரியாது. வயிறு அப்படியேதான் இருக்கும், அவளும் மலைக்கு நடந்து போய் வருவாள்.

சுவீடன் நாட்டில் 2,760 தாய்மாரை இரண்டு பகுதியாகப் பிரித்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரு பகுதியினருக்கு 41 வாரத்தில் மருந்து கொடுத்துப் பிரசவம் பார்த்தார்கள். மறு பகுதியினரை 42 வாரம் வரை காத்திருக்க விட்டார்கள். காத்திருந்தவர்களின் பிள்ளைகளில் 6 பேர் இறந்தார்கள். மருந்து கொடுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளில் ஒருவரும் இறக்கவில்லை. இனியும் தொடர்வது நியாயமில்லை என்று ஆய்வை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். 2019இல் அதன் முடிவு வெளிவந்தது. நல்ல ரோடும் நல்ல ஆஸ்பத்திரியும் உள்ள நாட்டிலேயே இப்படி. உலக சுகாதார நிறுவனமும், 41 வாரம் முடிந்தது நிச்சயமாகத் தெரிந்த தாய்க்கு மருந்து கொடுத்து வலி வர வைக்கலாம் என்றே பரிந்துரைக்கிறது. வேறு சிக்கல் ஒன்றும் இல்லாத தாய்க்கு அதற்கு முன் அவசரப்பட வேண்டாம் என்றும் அதே நிறுவனம் சொல்கிறது. இந்த இரண்டாவது வார்த்தையையும் நாம் மறக்கக் கூடாது.

நாள் கடப்பது ஒரு காரணம் மட்டும்தான். தாய்க்குப் பிரஷர் ஏறினால், சீனி வருத்தம் இருந்தால், பன்னீர்க்குடம் உடைந்தும் வலி வராவிட்டால், பிள்ளை வளர்ச்சி குறைந்தால், அசைவு குறைந்தால் 40 வாரம் வரை காத்திருக்க முடியாமல் போகலாம். பிரஷர் கூடி வலிப்பு வந்துவிட்டால் தாயும் பிள்ளையும் இரண்டு உயிரும் போகக்கூடும். அந்த நோய்க்கு உண்மையான வைத்தியம் பிள்ளையை வெளியே எடுப்பதுதான்.

இனி எப்படி வலி வர வைக்கிறார்கள் என்று பார்ப்போம். முதலில் டொக்டர் உள்ளே கை வைத்துக் கருப்பை வாயைப் பார்ப்பார். அது காயாக, கெட்டியாக, மூடியிருந்தால் எந்த ஊசி போட்டும் பயனில்லை, முதலில் அதைப் பழுக்க வைக்க வேண்டும். அதற்கு ஒரு வழி ரப்பர் குழாய். போலி குழாய் என்று சொல்வார்கள். நமது வார்த்தையில் போலி என்றால் வேறு அர்த்தம், அதனால் ஒரு தங்கச்சி பயந்தே போய்விட்டார். அது அதைச் செய்த அமெரிக்க டொக்டரின் பெயர். சிறுநீர் போக வைக்கும் அதே குழாய்தான். அதன் நுனியில் இருக்கும் சின்னப் பலூனில் தண்ணீர் ஏற்றிக் கருப்பை வாயை மெதுவாகத் திறக்க வைக்கிறார்கள். இதில் மருந்தே இல்லை.

மற்ற வழி புரொஸ்டகிளாண்டின் என்ற வகை மருந்து. பிரசவ நேரத்தில் நமது உடம்பே உண்டாக்குகிற பொருள் அது. ஜெல்லாகவோ சின்ன வில்லையாகவோ உள்ளே வைப்பார்கள், அதன் பெயர் டைனோபுரோஸ்டோன். இதே வகையில் மிசோபுரோஸ்டல் என்று இன்னொரு மருந்தும் உண்டு. அது முதலில் வயிற்றுப் புண்ணுக்காகச் செய்யப்பட்ட குளிசை. கருப்பையைச் சுருங்க வைக்கும் என்று தெரிந்த பிறகுதான் பிரசவத்துக்கு வந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் பின்னால் தனியாகச் சொல்ல இருக்கிறது.

வாய் பழுத்த பிறகு பன்னீர்க்குடத்தை உடைத்துவிட்டுச் சேலைன் போத்தலில் ஒக்சிடோசின் கலந்து ஏற்றுவார்கள். வார்ட்டில் சின்டோசினன் என்று கம்பனிப் பெயரைச் சொல்வதும் உண்டு. நாம் "வலி ஊசி" என்று சொல்வது இதைத்தான். இதுவும் தாயின் மூளையிலிருந்து தானாகச் சுரக்கிற பொருள்தான். பிள்ளைக்குப் பால் கொடுக்கும்போது பால் இறங்கி வருவதும் இதனால்தான். 1953இல் வின்சென்ட் டு விக்னோ என்ற அமெரிக்க விஞ்ஞானி இதை ஆய்வுகூடத்தில் செய்து காட்டினார், 1955இல் நோபல் பரிசும் வாங்கினார். சொட்டுச் சொட்டாக ஏற்றி, வலியைப் பார்த்துக் கூட்டிக் குறைப்பார்கள். வலி அளவுக்கு மிஞ்சினால் சொட்டை நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் அதன் வேகம் இறங்கிவிடும். உள்ளே வைத்த ஜெல்லை அப்படி நினைத்தவுடன் திருப்பி எடுக்க முடியாது. அதனால்தான் ஒன்றை வைத்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்து மற்றதைக் கொடுக்கிறார்கள். "காலையில வச்சாங்க, ராத்திரி வரைக்கும் யாரும் திரும்பிப் பாக்கல" என்று குறை சொல்கிறவர்களில் சிலர், உண்மையில் அந்தக் காத்திருப்பில் இருந்திருக்கிறார்கள். யாராவது ஒருவர் அதைச் சொல்லியிருந்தால் அவர்கள் பயந்திருக்க மாட்டார்கள். முழு வேலையும் முடிய ஒரு நாள், சிலருக்கு இரண்டு நாளும் ஆகலாம்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுவோம். பிள்ளை பிறந்த உடனே தாயின் தொடையில் ஓர் ஊசி போடுவார்கள். அதுவும் ஒக்சிடோசின்தான். ஆனால் அது வலி வர வைக்க அல்ல, கருப்பையைச் சுருங்க வைத்து இரத்தப் போக்கை நிறுத்த. அதை வேண்டாம் என்று சொல்லக் கூடாது. பிரசவத்தோடு தாய்மாரைக் கொண்டுபோகிற பெரிய காரணங்களில் ஒன்று இரத்தப் போக்கு.

ஆபத்து இல்லையா என்றால், உண்டு. வலி ஒன்றின் மேல் ஒன்றாக வந்தால் பிள்ளைக்கு மூச்சு முட்டும், இதயத் துடிப்பு இறங்கும். அதனால் பிள்ளையின் துடிப்பைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முன்பு சீசர் செய்த தாய்க்கு இந்த மருந்துகளால் பழைய தையல் இடத்தில் கருப்பை கிழியும் ஆபத்து கூடுதல், மிசோபுரோஸ்டலை அவர்களுக்குக் கொடுக்கவே கூடாது. நாலு ஐந்து பிள்ளை பெற்ற தாய்க்கும் கூடுதல் கவனம் தேவை. ஆகவே முந்தின பிரசவங்கள் எப்படி நடந்தன என்பதை ஒளிக்காமல் வார்ட்டில் சொல்ல வேண்டும். தவறிய பிள்ளையைப் பற்றிச் சொல்ல வெட்கப்பட்டு மறைக்கிறவர்கள் நம்மிடையே உண்டு. சத்திரசிகிச்சை செய்ய வசதியும் டொக்டரும் உள்ள இடத்தில்தான் இந்த மருந்தைக் கொடுக்கலாம். தோட்டத்து டிஸ்பென்சரியில் இது நடக்கக் கூடாது.

நமது பெண்கள் ஏன் பயப்படுகிறார்கள் என்பதைப் பேசாமல் "பயப்படாதே" என்று மட்டும் சொல்வது நியாயமில்லை. அந்தப் பயத்துக்குக் காரணம் அறியாமை மட்டுமல்ல. 1980களில் கருத்தடை ஒப்பரேஷன் செய்துகொண்டால் பணம் தருகிற திட்டத்தை அரசாங்கமே நடத்தியது. கஷ்டப்பட்ட குடும்பங்களுக்கு அந்தப் பணம் பெரிய காசு. தோட்டத்து லொறிகளில் ஏறிப் போய், என்ன செய்கிறார்கள் என்று சரியாக விளங்காமலே ஒப்பரேஷன் செய்துகொண்டு திரும்பியதாகச் சொல்லும் பாட்டிமார் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்தக் கதை தாயிடமிருந்து மகளுக்கு வந்திருக்கிறது. ஆகவே விளங்காத பாஷையில் ஒரு கடதாசியை நீட்டி, உள்ளே ஏதோ ஒன்றை வைத்தால், "எனக்கு இனிப் புள்ள பொறக்காம செய்யிறாங்களோ" என்ற நினைப்பு வருவதில் ஆச்சரியமில்லை. வலி வர வைக்கும் மருந்துக்கும் கருத்தடைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று நாம் உறுதியாகச் சொல்கிறோம். ஆனால் அதை முதலில் சொல்ல வேண்டியது அந்தக் கட்டிலின் அருகில் நிற்பவர்.

நமக்குத் தெரிந்த ஒரு தங்கச்சியின் கதை இது. முதற் பிள்ளை. நாள் கடந்துவிட்டது, திங்கட்கிழமை வந்து வார்ட்டில் படுக்கச் சொல்லி கிளினிக்கில் எழுதிக் கொடுத்தார்கள். எழுதியது என்ன என்று வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியவில்லை. "ஊசி போட்டு வலி வர வச்சா அடுத்த புள்ளைக்கும் ஊசிதான், வலி தானா வரட்டும்" என்று மாமியார் சொன்னார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஐந்து பிள்ளையை லயத்திலேயே பெற்ற மனுஷி. புதன்கிழமை பிள்ளையின் அசைவு குறைந்தது. வியாழக்கிழமை விடிய, கொழுந்து லொறி வரும் வரை காத்திருந்து, அதில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். சீசர் செய்து பிள்ளையைக் காப்பாற்றினார்கள், பல நாட்கள் பிள்ளை தனி அறையில் இருந்தது. இப்போது அது தவழுகிறது. அந்தக் கடதாசியில் எழுதியிருந்தது நாலு சிங்கள வரி. அதைத் தமிழில் எழுதியிருந்தால், அல்லது வாயால் சொல்லியிருந்தால், திங்கட்கிழமையே போயிருப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் தாதிமாரையும் டொக்டர்மாரையும் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு வார்ட்டில் எத்தனை கட்டிலுக்கு எத்தனை பேர் ஓடுகிறார்கள் என்பதைக் கண்ணால் கண்டிருக்கிறோம். அவர்களும் தொழிலாளர்கள்தான். தமிழ் தெரியாதது அந்தத் தாதியின் பிழையல்ல, தமிழ் தெரிந்தவரை அங்கே நியமிக்காதது அரசாங்கத்தின் பிழை. 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழும் அரச கரும மொழி என்று சொல்கிறது. 1988இல் வந்த 16ஆவது திருத்தம், அரச அலுவலரோடு தமிழில் அலுவல் பார்க்கும் உரிமையைத் தருகிறது. பிறப்புப் பதிவுக்கும் அடையாள அட்டைக்கும் இந்த உரிமையைக் கேட்கப் பழகிவிட்டோம். பிரசவ வார்ட்டில் ஒருவரும் கேட்பதில்லை. கையெழுத்து வைக்கும் சம்மதப் படிவம் தமிழில் இருக்க வேண்டும், வாசிக்கத் தெரியாதவருக்கு வாசித்துச் சொல்ல ஆள் இருக்க வேண்டும். மாவட்டக் காரியாலயம் சுகாதாரப் பணிப்பாளரிடம் முதலில் எழுத்தில் வைக்க வேண்டிய கோரிக்கை இது என்பது நமது கருத்து.

அது நடக்கும் வரை சும்மா இருக்க முடியாது. கீழேயுள்ள வார்த்தைகளைக் கர்ப்பிணிச் சகோதரிகள் பாடமாக்கிக் கொள்ளுங்கள். கூடப் போகிறவரும் பாடமாக்குங்கள். இது என்ன மருந்து என்று கேட்க: "மே பெஹெத மொகக்த?" தமிழ் பேசுகிறவர் யாராவது இருக்கிறார்களா என்று கேட்க: "தெமல கதா கரன கெனெக் இன்னவத?" பிள்ளை அசையவில்லை என்று சொல்ல: "பபா ஹெல்லென்னே நே." பாடசாலையில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தோம், அவர்கள் வீட்டுக்குப் போய் அக்காமாருக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். இனப்பெருக்கப் பாடம் வந்தால் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகும் ஆசிரியர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதை வாசிக்கக் கொடுங்கள்.

அடுத்தது நாள் கணக்கு. இந்த மருந்து எப்போது தேவை என்பது முழுக்க வாரக் கணக்கில் தங்கியிருக்கிறது. கணக்குத் தவறினால், 39 வாரத்தில் இருப்பவளை 41 என்று நினைத்து வலி வர வைப்பார்கள், அல்லது 42இல் இருப்பவளை 40 என்று நினைத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். இரண்டும் பிழை. முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேன்தான் நாளைச் சரியாகக் காட்டும், பிந்தி எடுக்கிற ஸ்கேனில் பிழை கூடும். ஆனால் நமது பெண்களில் பலர் வயிறு வெளியே தெரிந்த பிறகுதான் மருத்துவமாதுவிடம் பதிகிறார்கள். கண்ணூறு பட்டுவிடும் என்று ஒரு பயம். கர்ப்பம் என்று தெரிந்தால் பாரமில்லாத வேலைக்கு மாற்றி பேர் குறைத்துவிடுவார்கள் என்று இன்னொரு பயம். முதற் பயத்துக்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டாவதைத் தோட்டக் கமிட்டி தீர்க்கலாம், தீர்க்க வேண்டும். மாதவிலக்கு நின்ற உடனே பதிந்து, எச் 512 என்ற கர்ப்பிணி அட்டையை வாங்குங்கள். கடைசி மாதவிலக்குத் திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அந்த அட்டை பையில் இல்லாவிட்டால் பாதி விபரம் வீட்டில் கிடக்கிறது என்று அர்த்தம்.

மிசோபுரோஸ்டல் குளிசையைப் பற்றிப் பின்னால் சொல்வோம் என்றோம். பிரசவத்துக்காக ஒரு தடவைக்குக் கொடுக்கும் அளவு 25 மைக்ரோகிராம். வயிற்றுப் புண்ணுக்கென்று வரும் குளிசையில் இருப்பது 200 மைக்ரோகிராம், எட்டு மடங்கு. அதைக் கத்தியால் எட்டாக வெட்டினாலும் ஒவ்வொரு துண்டிலும் ஒரே அளவு மருந்து இருக்காது. யாராவது டவுனிலிருந்து கள்ளமாகக் கொண்டு வந்து, "இதப் போடு, ஆஸ்பத்திரியில கெடக்கத் தேவையில்ல, வீட்லயே வலி வந்துரும்" என்று சொன்னால் வாங்கி விழுங்க வேண்டாம். லயத்து அறையில் கருப்பை கிழிந்தால், ரோட்டுக்கு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். விளக்கெண்ணெய் குடித்து வலி வர வைப்பதும் வேண்டாம். வயிற்றோட்டமும் களைப்பும்தான் மிஞ்சும்.

இனித் துரைமாருக்கும் கம்பனிகளுக்கும். நாள் குறித்துப் போகும் பிரசவத்தில் ஒரு நன்மை இருக்கிறது: எந்த நாள் என்று முன்கூட்டியே தெரியும். நடு இராத்திரி அவசரம் இல்லை. ஆகவே வாகனம் இல்லை என்று சொல்ல ஒரு தோட்டத்துக்கும் நியாயம் கிடையாது. திங்கட்கிழமை எட்டு மணிக்கு வார்ட்டில் இருக்க வேண்டும் என்றால், ஞாயிற்றுக்கிழமையே வாகனம் ஒழுங்காக வேண்டும். கொழுந்து மூட்டையோடு நிறைமாதக் கர்ப்பிணியை ஏற்றி அனுப்புவது இந்தக் காலத்திலும் நடக்கிறது என்பது வெட்கக்கேடு. அவசரமென்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். ஆனால் அம்புலன்ஸ் ஏறி வர முடியாத ரோட்டை யார் திருத்துவது என்பதும் நமது கோரிக்கைப் பட்டியலில் இருக்க வேண்டும்.

லீவைப் பற்றி நம்மில் பலருக்கு இன்னும் பழைய கணக்கே மனதில் இருக்கிறது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் தோட்டத் தொழிலாளிக்கும் பொருந்தும். மொத்தம் 12 வாரம், பிரசவ நாளும் சேர்த்து முன்னால் 2 வாரம், பின்னால் 10 வாரம். மூன்றாவது பிள்ளையிலிருந்து 6 வாரம்தான் என்றிருந்த வேறுபாடு 2018ஆம் ஆண்டின் திருத்தத்தோடு போய்விட்டது. எத்தனையாவது பிள்ளை என்றாலும் 12 வாரம். இன்றும் "மூணாவது புள்ளைக்கு அவ்வளவு கெடையாது" என்று எந்த ஒபிஸ் கிளார்க்காவது சொன்னால், அந்த வார்த்தையை எழுத்தில் வாங்கிக்கொண்டு கமிட்டித் தலைவரிடம் வாருங்கள். மருந்து கொடுத்து நாளுக்கு முன்பே பிரசவம் நடந்தால், பின்னால் வரும் 10 வாரம் பிள்ளை பிறந்த நாளிலிருந்துதான் எண்ணப்படும், அட்டையில் எழுதியிருந்த உத்தேச நாளிலிருந்து அல்ல. இதில் கணக்கு மாறிய சம்பவங்கள் நமது காதுக்கு வந்திருக்கின்றன.

இந்த நன்மையைப் பெற, முந்தின ஒரு வருடத்துக்குள் அதே தோட்டத்தில் 150 நாள் வேலை செய்திருக்க வேண்டும். இங்கேதான் பெரிய பள்ளம். கைக்காசு முறையில் பறிப்பவர்கள், தேயிலையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் குடும்பத்துக்குக் கொடுக்கும் முறையில் பறிப்பவர்கள், இவர்களுடைய பெயர் செக்ரோலில் விழுவதே இல்லை. அவர்களுக்கு இந்த 150 நாளை யார் எழுதுவது? ஆஸ்பத்திரியில் மூன்று நாள் காத்திருந்தால் மூன்று நாள் காசும் இல்லை. அதனால்தான் "வலி வந்தா போறேன்" என்கிறார்கள். அந்தப் பெண்ணிடம் 41 வாரத்தின் ஆபத்தைப் பற்றி நாம் எத்தனை கூட்டம் வைத்துச் சொன்னாலும், அவள் அடுப்பு எரிய வேண்டும். கம்பனிகள் அந்த முறைகளைப் பற்றிப் பேச வரும்போது விளைச்சலையும் வருமானத்தையும் சொல்கின்றன. மகப்பேற்றுப் பணம் யார் கொடுப்பது என்ற கேள்வியை நமது பிரதிநிதிகள் அதே மேசையில் வைக்க வேண்டும்.

ஆண் தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. கிளினிக் நாளில் கூடப் போங்கள். டொக்டர் எழுதிக் கொடுக்கும் கடதாசியை அன்றைக்கே யாரிடமாவது காட்டி வாசித்துக் கேளுங்கள். தோட்டத்துப் பாடசாலையில் சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஆசிரியர் ஒருவராவது இருப்பார், கேட்டால் மறுக்க மாட்டார். அம்மா ஒன்று சொல்கிறார், டொக்டர் ஒன்று சொல்கிறார் என்று நடுவில் நிற்கிற மனைவியைத் தனியே விட்டுவிடாதீர்கள். பெரியவர்களோடு சண்டை பிடிக்கச் சொல்லவில்லை. அவர்களையும் ஒரு தடவை கிளினிக்குக்குக் கூட்டிப் போனால், பாதிப் பிரச்சினை அங்கேயே தீர்ந்துவிடுகிறது. மேலே சொன்ன மாமியார் இப்போது தன் பக்கத்து லயத்துப் பிள்ளைகளைத் திகதி தவறாமல் துரத்தி அனுப்புகிறார்.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு நமது கமிட்டி இரண்டு பிரேரணைகளைக் கொண்டு வருகிறது. ஒன்று, நிறைமாதக் கர்ப்பிணிகளின் பெயரையும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய திகதியையும் அவர்கள் சம்மதத்தோடு மாதர் தலைவி ஒரு கொப்பியில் எழுதி வைத்து, வாகனத்துக்குத் துரையிடம் முதல் நாளே கடிதம் கொடுப்பது. மற்றது, தமிழில் சம்மதப் படிவமும் பிரசவ வார்ட்டில் தமிழ் பேசும் ஊழியரும் வேண்டும் என்ற மனுவுக்கு ஒவ்வொரு தோட்டத்திலும் கையெழுத்துத் திரட்டுவது. மனுவின் பிரதி தோட்டத் தலைவர்மாரிடம் இருக்கிறது. பிரட்டுக்கு வரும்போது பேனையோடு வாருங்கள். கையெழுத்து வைக்கும் முன் அதை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.